மாசிப் பனி போகும், முகத்துவாரம் திறந்திருக்குமா?

பழவேற்காடு ஏரிக் கரையில் இளவேனிலுக்கு முன் எழும் கேள்வி

மாசி மாதத்தில் காஷ்மீரத்துத் தால் ஏரிக் கரையில் இருப்பவர்கள், "இன்னும் ஒரு பனிப்பொழிவு உண்டா?" என்று வானத்தைப் பார்ப்பார்கள். சில ஆண்டுகளில் மார்ச்சு மாதத்திலும் அங்கே பனி கொட்டும்.

தமிழ்நாட்டின் பழவேற்காடு ஏரிக் கரையில் பனிக்கட்டி விழுவதில்லை. அங்கே வருவது பனி மூட்டம். ஆனால் மாசி பிறந்ததும் கோட்டைக்குப்பத்து மீனவர்களும் கவலையோடுதான் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பது வானத்தை மட்டும் அல்ல. ஏரி கடலோடு கூடும் முகத்துவாரத்தையும்தான்!

ஏன்? அந்த வாய் அடைபட்டால் ஏரியில் இறால் இல்லை. இறால் இல்லை என்றால் பல வீடுகளில் அடுப்பு எரிவது கஷ்டம்.

பின்பனிக் காலம்

தமிழர்கள் ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தார்கள். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையில் இளவேனில் தொடங்குகிறது.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது பழமொழி.

மேகம் இல்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். காற்றும் அசையாமல் நின்றால், தரையை ஒட்டிய ஈரம் சிறு சிறு நீர்த்துளியாக மாறி மிதக்கும். அதுதான் மூடுபனி. வெயில் ஏற ஏற அது கலைந்துவிடும்.

ஆனால் தோணிகள் ஏரிக்குப் புறப்படுவது விடியலில்தான்! மூட்டத்தில் எதிரே வரும் படகு தெரியாது. கரை எந்தப் பக்கம் என்பதும் தெரியாது. மூட்டம் கலையும் வரை பொறுத்துப் போவதே நல்லது.

வானம் எப்படி இருக்கும்?

வானத்தைப் பொறுத்தவரை பதில் சுலபம். மாசியிலும் பங்குனியிலும் இந்தக் கரையில் மழை மிகக் குறைவு. வெயில் படிப்படியாக ஏறும். சென்னையில் ஜனவரி மாதத்தின் சராசரிப் பகல் வெப்பம் 30 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. மார்ச்சில் அது சுமார் 33 டிகிரி. மே மாதத்தில் 37 டிகிரி. பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால் அங்கும் ஏறக்குறைய இதே நிலைதான்.

கோடை வெப்பம் வழக்கத்தைவிடக் கூடுமா, குறையுமா என்பதை இந்திய வானிலைத் துறை முன்கூட்டியே அறிவித்து வருகிறது. 2016-ஆம் ஆண்டு தொடங்கிய ஏற்பாடு இது.

ஆனால் ஏரித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்வது அவ்வளவு சுலபம் அல்ல.

மணல் போடும் பூட்டு

பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. முதல் இடம் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு. பழவேற்காடு ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் ஏரியில் தண்ணீரைக் கொட்டும். அந்த வேகம் முகத்துவாரத்து மணலைக் கடலுக்குள் தள்ளிவிடும். வாய் அகலமாகத் திறந்துகொள்ளும்.

மாசியில் ஆற்று நீர் வற்றுகிறது. பங்குனியில் தெற்கத்திக் காற்று தலைகாட்டுகிறது. அதனால் எழும் அலை கரையோர மணலை வடக்கு நோக்கி நகர்த்துகிறது. எதிர்த்துத் தள்ள ஆற்று நீர் இல்லை. மணல் வந்து வாயில் படிகிறது, திட்டாகிறது, பூட்டுப் போட்டதுபோல் வழி அடைபடுகிறது!

ஆகவே, பங்குனியின் கதி ஐப்பசியிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. 2018-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை குறைந்தது. மறு ஆண்டு கோடையில் சென்னை நகரமே குடிநீருக்குத் தவித்தது. அப்படி மழை பொய்த்த ஆண்டுகளில் மணலைத் தள்ளும் வெள்ளமும் குறைந்துபோகிறது.

இறாலின் பயணம்

முகத்துவாரம் மூடினால் இறாலுக்கு என்ன?

வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, இரை தின்று வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போகின்றன. மடவை மீனுக்கும் இப்படி இரண்டு வீடு உண்டு. வாசலை அடைத்தால் குஞ்சு உள்ளே வர முடியாது.

இன்னொரு கேடும் உண்டு. ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கடல் நீர் வந்து கலக்காத கோடையில் ஏரி நீர் அதையும் மிஞ்சிக் கரிக்கும்.

இங்குள்ள குப்பங்களில் 'பாடு' என்ற பழைய ஏற்பாடு இருக்கிறது. இறால் அதிகம் படும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வதே பாடு. வலியவன் எல்லாவற்றையும் வாரிக்கொள்ள முடியாது. ஆனால் தன் முறை வரும் நாளில் ஏரி வெறுமையாக இருந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும் இதே கதிதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. கடல் மீன் வரத்து குறையும் அந்த நாட்களில் ஏரி மீனுக்கு நல்ல கிராக்கி இருக்கும். அந்த நேரம் பார்த்து வாய் அடைபட்டால் நஷ்டம் இரட்டிப்பு!

கல் சுவர் போதுமா?

முகத்துவாரம் அடைபடும்போதெல்லாம் மணலைத் தோண்டி வழி திறப்பது வழக்கம். சில மாதத்தில் மணல் மறுபடியும் வந்துவிடும். இதற்கு முடிவு கட்ட, முகத்துவாரத்தின் இரு பக்கமும் கல் சுவர் எழுப்பி, ஆழப்படுத்தும் திட்டத்தைத் தமிழக அரசு 2020-களில் எடுத்துக்கொண்டது. மதிப்பீடு சுமார் 27 கோடி ரூபாய்.

இதனால் பலன் உண்டா? சிலிகாவைப் பார்க்கலாம். அங்கே 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே மீன், இறால், நண்டு வரத்து பல மடங்கு பெருகியது. வாசல் திறந்தால் ஏரி பிழைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் கடலில் கல்லைப் போட்டால் மணல் சும்மா இருக்காது. சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா மணல்வெளி அகலமாயிற்று. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. ஆகவே பழவேற்காட்டிலும் சுவரோடு வேலை முடிந்துவிடாது. வடக்கே உள்ள கரையைக் கண்காணிக்க வேண்டும். சேரும் மணலை ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். அதற்கான பணத்தையும் ஒதுக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் ஏற்றமும் வற்றமும் அதிகம். மாசி மகத்தை ஒட்டிய பௌர்ணமியில்கூட முகத்துவாரத்தில் நீரோட்டம் மந்தமாக இருந்தால், மணல் ஏறிவிட்டது என்று கொள்ளலாம். தெற்கத்திக் காற்று முன்னதாகவே வலுத்தால் வாய் சீக்கிரம் அடைபடக்கூடும். ஏரி நீர் வழக்கத்தைவிட முன்பே கரித்தால் அதுவும் எச்சரிக்கை.

இந்த அடையாளங்கள் குப்பத்துப் பெரியவர்களுக்குப் புதியவை அல்ல. அவர்கள் மாசியிலேயே சொல்வதை அதிகாரிகள் மாசியிலேயே கேட்டு, மணல் எடுக்கும் இயந்திரத்தை அனுப்ப வேண்டும். வாய் முழுதும் மூடிய பிறகு சித்திரையில் வரும் இயந்திரம், உள்ளே வராமல் போன இறால் குஞ்சைத் திருப்பிக் கொண்டுவராது.