'ஹி டாக்டர்'னு எழுதுற பையன் மக்கு இல்லீங்க

எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்னு தமிழ் பீரியட்ல ஒரு தடவை. சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட்னு இங்கிலீஷ் பீரியட்ல இன்னொரு தடவை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு யாரும் காட்டுறதில்லை. என் கடுப்பே அதுதான்.

'நாய் பையனைக் கடித்தது', 'பையனை நாய் கடித்தது'. எப்படிப் போட்டாலும் கடி வாங்கினது பையன்தான். 'ஐ' உருபு காட்டிக் கொடுத்துடும். இங்கிலீஷ்ல அந்த உருபு வேலையை வார்த்தை நிக்கிற இடம் செய்யுது. இடத்தை மாத்தினா பையன் நாயைக் கடிச்சிடுவான்!

'வந்தேன்'னு சொன்னாலே போதும், எழுவாய் உள்ளேயே இருக்கு. இங்கிலீஷ்ல வெறும் 'கேம்' பத்தாது, 'ஐ' வேணும். 'அவர் டாக்டர்' தமிழ்ல முழு வாக்கியம். 'டாக்டர்'தான் பெயர்ப் பயனிலை. இங்கிலீஷுக்கு நடுவுல ஒரு 'ஈஸ்' வேணும்.

ஆக, அரூர்லயோ பென்னாகரத்துலயோ ஒரு பையன் 'ஹி டாக்டர்'னு எழுதினா, அவன் தமிழ் இலக்கணப்படி சரியாத்தான் யோசிச்சிருக்கான். தர்மபுரி மாவட்டத்துல வீட்டுல தெலுங்கு, கன்னடம் பேசுற பிள்ளைங்களும் உண்டு. அந்த மொழிகள்லயும் இதே கதைதான்.

சும்மா சிவப்பு மையால சுழிச்சா, 'நமக்கு இங்கிலீஷ் வராது'ங்கிற பயம்தான் மிஞ்சும். காலேஜ், இன்டர்வியூன்னு அது கூடவே வரும். 'தமிழுக்கு இது வேண்டாம், இங்கிலீஷுக்கு வேணும்'னு ஒரு வரி சொல்லிப் பாருங்க. தமிழ் இலக்கணம் தெரிஞ்ச பிள்ளைக்கு இங்கிலீஷ் இலக்கணம் பாதி தெரிஞ்ச மாதிரிங்கிறது என் கட்சி.