மருத்துவர் சொன்ன தவணையும் திரும்பும் பயணச்சீட்டும்



வளைகுடாவில் உழைக்கும் நம் சகோதரர்கள் விடுப்பில் ஊர் வரும்போது, திருமணப் பேச்சு, வீட்டு வேலை, உறவினர் சந்திப்பு ஆகியவற்றோடு, அங்கே தள்ளிப்போட்டு வைத்த நோய்களையும் சுமந்தே வருகிறார்கள். முழங்கால் வலி, கண்புரை, பித்தப்பைக் கல், குடலிறக்கம் என எதுவானாலும் முப்பது நாள் விடுப்புக்குள் முடித்துக்கொண்டு விமானம் ஏறிவிட வேண்டும் என்பது கணக்கு. திரும்பும் பயணச்சீட்டு முன்பே எடுத்தாயிற்று. மருத்துவர் சொல்லும் தவணை அந்தச் சீட்டின் தேதிக்குள் அடங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இந்தக் கணக்கு எவ்வளவு பிழையானது என்பதை எங்கள் குடும்பம் பட்டே அறிந்தது.

என் அக்காவின் கணவர் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் பணியாற்றினார். ஒரு மாத விடுப்பில் சிங்காநல்லூர் வந்திருந்தவர், இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், வலக்கண்ணின் ஓரத்தில் திரை விழுந்தாற்போல் இருள்கிறது என்றார். விழித்திரை விலகியிருக்கிறது, தாமதித்தால் பார்வையே போய்விடும் என்று மருத்துவர் கூற, அறுவை உடனே நடந்தது. செலவில் பெரும்பகுதியை எங்கள் ஜமாஅத் ஏற்றுக்கொண்டது, அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், கண்ணுக்குள் வாயு நிரப்பியிருப்பதாகவும், அது முற்றிலும் கரையும்வரை விமானம் ஏறக் கூடாது என்றும் சொன்னார். எத்தனை நாளாகும் என்று கேட்டோம். ஏழெட்டு வாரமாவது ஆகும் என்றார். விடுப்பில் மீதமிருந்தவை பதினொரு நாள்கள்.

அன்றிரவு வீட்டில் யாரும் உறங்கவில்லை. "நாலு மணி நேரப் பயணம்தானே, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதாதா?" என்றார் ஒருவர். "வேலை போய்விட்டால் குடும்பத்தை யார் பார்ப்பது?" என்றார் மற்றொருவர். அக்கா மட்டும், "கண் போய்விட்டால் அந்த வேலை இருக்குமா?" என்று கேட்டார். மச்சான் தங்கினார்.

மருத்துவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டோம். விலகிய விழித்திரையைச் சுவரோடு ஒட்டிவைப்பதற்காகக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை நிரப்புகிறார்கள். பயன்படுத்தும் வாயுவைப் பொறுத்து அது கரைய இரண்டு மூன்று வாரமும் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம், ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். அழுத்தம் குறையும்போது வாயு விரியும். மூடிய கண்ணுக்குள் விரியும் வாயுவுக்கு வெளியேற வழியில்லை. கண்ணின் அழுத்தம் ஏறி, இரத்த ஓட்டம் தடைபட்டு, காப்பாற்றிய பார்வையே பறிபோகக்கூடும். நம் பகுதியில் இதை எளிதாக விளக்கிவிடலாம்: ஊட்டி ஏறத்தாழ 7,300 அடி உயரத்தில் இருக்கிறது. கண்ணில் வாயு உள்ளவர் மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறுவதும், இங்கிருந்து ஷார்ஜா விமானத்தில் ஏறுவதும் ஏறத்தாழ ஒரே ஆபத்துதான்.

இன்னொன்றையும் தாமதமாகவே அறிந்தோம். பயணத்தைத் தள்ளிப்போட இயலாதவர் என்று அறுவைக்கு முன்பே சொல்லியிருந்தால், சிலருக்கு வாயுவுக்குப் பதிலாகச் சிலிக்கான் எண்ணெய் நிரப்புவதைப் பற்றி மருத்துவர் யோசிப்பார். அதை எடுக்கச் சில மாதங்களில் மறுபடியும் ஓர் அறுவை வேண்டும். எல்லாருக்கும் அது பொருந்தவும் செய்யாது. ஆயினும் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் மருத்துவர். நாங்களோ பயணத் தேதியை அவரிடம் சொல்லவே இல்லை.

கண்ணுக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் பல வாரங்கள் பிசியோதெரபி தேவை. காலின் ஆழ்ந்த இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்தும் அந்நாள்களில் அதிகம். மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்து செல்லும் பயணம் அதை மேலும் கூட்டும். கண்புரை அறுவைக்குப் பின் விரைவில் பயணம் செய்ய இசைவு கிடைக்கலாம். ஆனால் சொட்டு மருந்தைச் சில வாரங்கள் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும், கண்ணழுத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும், புதிய கண்ணாடிக்கு அளவெடுக்க ஒரு மாதம் போல் ஆகும். "வீடியோவில் டாக்டரிடம் பேசிக்கொள்ளலாம்" என்பார்கள். கண்ணழுத்தத்தைக் கைப்பேசி அளக்காது. மேலும், 2020 மார்ச்சில் நம் நாட்டில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், இந்திய எல்லைக்கு வெளியே அளிக்கும் ஆலோசனைக்குப் பொருந்துவதில்லை. ஆகவே அங்கே நேரில் பார்க்க ஒரு மருத்துவரை முன்கூட்டியே தேடி வைக்க வேண்டும். அறுவைக் குறிப்புடன் கூடிய டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் காப்பீடு இந்தத் தொடர் சிகிச்சையை ஏற்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

மருந்துப் பையிலும் கவனம் தேவை. அறுவைக்குப் பின் வலிக்காக எழுதித் தரும் டிரமடால், கோடீன் போன்றவையும், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலினும் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அந்நாட்டு அரசின் முன் அனுமதியின்றி எடுத்துச் செல்பவர் நோயாளியாகப் புறப்பட்டுக் குற்றம் சாட்டப்பட்டவராக இறங்க நேரிடும். எழுதித் தரும்போதே மருத்துவரிடம் மாற்று மருந்து உண்டா என்று கேட்டுவிடுவது நலம்.

எங்கள் மச்சானின் கதைக்கு வருகிறேன். எட்டாம் வாரத்தில் வாயு கரைந்தது. பார்வை முழுமையாக இல்லாவிட்டாலும், குர்ஆனைப் பிறர் உதவியின்றி ஓதும் அளவுக்குத் திரும்பியது. ஆனால் வேலை போய்விட்டது. நிறுவனத்துக்கு நாங்கள் தகவல் சொன்னது விடுப்பு முடியும் நாளில், அதுவும் தொலைபேசியில். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, தகுதிகாண் காலம் முடித்த தனியார் துறை ஊழியருக்கு ஆண்டுக்கு 90 நாள்கள் வரை நோய் விடுப்பு உண்டு: முதல் 15 நாள்கள் முழு ஊதியம், அடுத்த 30 நாள்கள் பாதி ஊதியம், எஞ்சிய 45 நாள்கள் ஊதியமில்லை. ஆனால் நோயை மூன்று வேலை நாள்களுக்குள், மருத்துவ அறிக்கையுடன் தெரிவிக்க வேண்டும். அறுவை நடந்த அன்றே ஒரு கடிதம் வாங்கி அனுப்பியிருந்தால் வேலை நிலைத்திருக்கக்கூடும். அறியாமையின் விலையைக் குடும்பம் செலுத்தியது.

"தவக்குல் வைத்துப் புறப்படு" என்று அன்றிரவு சொன்னவர்களும் உண்டு. அவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அனைவரும் அறிவோம். உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். மறுபரிசோதனைக்குப் போவது அந்த ஒட்டகத்தைக் கட்டுவதுதான். குனியக் கூடாது என்று மருத்துவர் தடுத்திருக்கும்போது, சுஜூதைச் சைகையால் நிறைவேற்ற மார்க்கம் இடமளிக்கிறது. ரமளானில் சொட்டு மருந்தை நிறுத்திவிடுவோர் இருக்கிறார்கள். கண்ணில் விடும் மருந்தால் நோன்பு முறிவதில்லை என்பதே ஷாபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளின் கருத்தும். ஐயமிருந்தால் ஆலிமிடம் கேளுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்.

இப்போது ஜமாஅத்துகளிடம் ஒரு வேண்டுகோள். அறுவைச் சிகிச்சைக்கு உதவி கேட்டு ஜும்ஆவில் அறிவிப்பு வந்தால் நம் மக்கள் மனமுவந்து தருகிறார்கள். ஆனால் அறுவைக்குப் பிந்திய எட்டு வாரங்களுக்கு யாரும் துண்டை விரிப்பதில்லை. எங்கள் வீட்டில் அன்று குறைந்தது மருத்துவமனைப் பணம் அன்று. இரண்டு மாத வீட்டுச் செலவு. நோயாளியை ஆபத்தான பயணத்துக்குத் தள்ளுவது பெரும்பாலும் அந்தக் குறைதான். கி.பி. 1284-இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மன்சூரி மருத்துவமனையில், குணமாகி வெளியேறும் ஏழை நோயாளிக்கு, உடனே வேலைக்கு ஓட நேராதபடி ஒரு தொகையும் கொடுத்தனுப்பினார்கள் என்று வரலாற்றில் காண்கிறோம். ஓய்வும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்த சமுதாயம் நாம். பைத்துல்மாலில் மருத்துவ உதவி கேட்டு வருபவரின் விண்ணப்பத்தில் "அறுவைக்குப் பின் எத்தனை வாரம் ஓய்வு? அதுவரை வீட்டுச் செலவுக்கு வழி என்ன?" என்ற இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்.

மாலத்தீவு, இலங்கை, வளைகுடா நாடுகளிலிருந்து கோவை உள்ளிட்ட தமிழக நகரங்களுக்குச் சிகிச்சைக்கு வரும் சகோதரர்களுக்கும் இது பொருந்தும். மின்னணு மருத்துவ விசாவில் வருபவருக்கு 60 நாள்கள்தாம் உண்டு. உடன் வருவோர் இருவர் மட்டுமே. மறுபரிசோதனைக்காக வாடகை அறையில் நாள் எண்ணிக்கொண்டிருக்கும் அந்த விருந்தாளிக்கு ஒரு வேளை உணவும், பள்ளிவாசலுக்குச் செல்லத் துணையும், மொழி தெரிந்த ஒருவரின் உதவியும் எவ்வளவு பெரியவை! நோயாளியை நலம் விசாரிப்பது முஸ்லிம் மீது முஸ்லிமுக்குள்ள உரிமை அல்லவா?

வெளிநாட்டில் உள்ள உங்கள் மகனோ கணவரோ சிகிச்சைக்காக ஊர் வருகிறார் என்றால், மறுபரிசோதனைகளின் தேதிகளை மருத்துவரிடம் முதலில் எழுதி வாங்குங்கள். பயணச்சீட்டை அதற்குப் பிறகு எடுங்கள். மச்சான் இப்போது திருச்சி சாலையில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். சம்பளம் அங்கே வாங்கியதில் பாதிகூட இல்லை. ஆனால் அந்தக் கணக்கை அவர் கண்ணாலேயே பார்த்து எழுதுகிறார்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் அருள்வானாக. ஆமீன்.