ஈயோட்டுதல்

வியாபாரமின்றி வாளா இருக்கும் கடைக்காரனை 'ஈயோட்டுகிறான்' என்பது நம் வழக்கு. ஈ ஒழிப்புப் பற்றிய அறிக்கைகளை மொழிபெயர்க்க நேரும்போதெல்லாம் அவ்வழக்கு என் நினைவுக்கு வருவதுண்டு. அவற்றுள் பெரும்பாலானவை இல்லத்தரசிக்கே அறிவுரை கூறுவன: பண்டங்களை மூடி வைக்கவும், சன்னலுக்கு வலை இடவும், மருந்து தெளிக்கவும் என்பன. இவை வேண்டாதவை அல்ல. ஆயினும் சமையலறையில் பறக்கும் ஈ பெரும்பாலும் அங்கே பிறந்ததன்று. பிறந்த இடத்தை விட்டுவிட்டு, வந்தடைந்த இடத்தில் அதனோடு போரிடச் சொல்வது ஈயோட்டச் சொல்வதேயாகும்.

வீட்டு ஈயின் வாழ்க்கையை நாட்கணக்கில் அறிந்தால் இது விளங்கும். பெண் ஈ ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டைகள் வரை சாணம், மலம், அழுகிய காய்கறி முதலியவற்றின் ஈரத்தில் இடுகிறது. இவ்வாறு ஐந்தாறு தடவை இடக்கூடும். வெப்பமான பருவத்தில் முட்டை ஒரு நாளைக்குள் பொரிகிறது. புழு 4 முதல் 7 நாள் வரை தின்று வளர்ந்தபின், ஈரத்தை விட்டு அகன்று, உலர்ந்த மண்ணில் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. முட்டையிட்டதிலிருந்து சுமார் 10 நாளில் ஈ வெளிவந்துவிடும். புழு இவ்வாறு இடம் பெயர்வதைக் களப்பணியாளர் சிறப்பாகக் கருத வேண்டும். தொட்டியை வாரம் ஒரு முறையே காலி செய்யும் தெருவில் குப்பை வண்டியேறிப் போகும்போது, புழுக்களிற் பல முன்னமே தொட்டியடி மண்ணில் இறங்கியிருக்கும். ஈரக் குப்பையை வாரத்துக்கு இருமுறையேனும் அகற்றினால் புழு முதிர நாள் கிடைக்காது. தொட்டியின் அடித்தளம் மண்ணாக இல்லாமல் கல்லாகவோ சிமெண்டாகவோ இருத்தலும் வேண்டும்.

மருந்தை மட்டும் நம்புதல் ஆகாது. டி.டி.டி.க்கு மடியாத வீட்டு ஈக்கள் 1946-ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டில் காணப்பட்டன. தலைமுறை இரண்டு வாரத்துக்குள் முடியும் பூச்சியிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? கொள்ளை நோய்க் காலத்தில் மருந்துக்கும் பொறிக்கும் இடமுண்டு என்பதை மறுக்கவில்லை. இஸ்ரேல் இராணுவ முகாம்களில் 1988, 1989 ஆண்டுகளில் ஈப்பொறிகள் வைத்தபோது வயிற்றுப்போக்கு நோயாளரின் வருகை 42 சதவீதமும், ஷிகெல்லா வயிற்றளைச்சல் நோயாளரின் வருகை 85 சதவீதமும் குறைந்தன. ஆனால் ஒழுங்குடைய முகாம் வேறு, ஊர் வேறு.

புனே நகரின் ஏரவாடா என்றதும் நம்மவர்க்கு அங்குள்ள சிறைச்சாலையும், 1932-இல் அதனுள் ஏற்பட்ட ஒப்பந்தமும் நினைவுக்கு வரும். அதே ஏரவாடாவின் நெருக்கமான குடிசைப் பகுதிகளில், சென்ற பதினைந்து ஆண்டுகளுக்குச் சற்று முன்னர், மத்திய அரசின் நகர்ப்புற ஏழைகளுக்கான அடிப்படை வசதித் திட்டத்தின்கீழ், குடியிருப்போரை இடம் பெயர்க்காமலே சுமார் 25 சதுர மீட்டர் அளவுள்ள வீடுகள் கட்டப்பட்டன. மகிளா மிலன் என்னும் பெண்கள் அமைப்பு உடன் நின்றது. வீட்டுக்கு ஒரு கழிப்பிடம் அமைந்தது. இதனை வீட்டு வசதித் திட்டம் என்றே கூறுகிறோம். ஈ ஒழிப்புத் திட்டம் என்றும் கூறலாம். ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் கழிப்பிடம் கட்டித் தந்த ஊர்களில் குழந்தைகளின் கண்ணில் மொய்க்கும் ஈக்கள் குறைந்தன என்பதை 2004-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

எனினும் ஒரு பேட்டை தூய்மையாவதோடு கணக்குத் தீர்ந்துவிடுவதில்லை. புனேயின் குப்பை 1990-களிலிருந்து நகருக்குத் தென்கிழக்கேயுள்ள உருளி தேவாச்சி, புர்சுங்கி என்னும் சிற்றூர்களின் பக்கம் கொண்டுபோய்க் கொட்டப்பட்டு வந்தது. நாற்றமும் ஈயும் கெட்ட நீரும் அவ்வூரார்க்கு வாய்த்தன. 2014-ஆம் ஆண்டில் அவர்கள் குப்பை வண்டிகளை மறித்தார்கள். தம் வீட்டில் ஈ குறைந்ததென்று நகரத்தார் மகிழ்ந்திருந்த காலத்தில், அந்நகரத்தின் எச்சிலில் பிறந்த ஈக்கள் வேறொருவர் சோற்றுப் பானையின்மீது அமர்ந்திருந்தன. இதற்குப் பெயர் சுகாதாரம் அன்று.

மாற்று வழியும் அந்நகரத்திலேயே உண்டு. குப்பை பொறுக்கும் தொழிலாளர்களின் கூட்டுறவு அமைப்பாகிய 'ஸ்வச்' 2008 முதல் நகராட்சியுடன் உடன்படிக்கை செய்து, வீடுவீடாகச் சென்று ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் வெவ்வேறாகப் பெற்று வருகிறது. ஈரக் குப்பை தனியே பிரிந்துவிட்டால் அருகிலேயே உரமாக்கலாம். தொலைவிலுள்ள எந்த ஊரின் தலையிலும் சுமத்த வேண்டியதில்லை. உரக்குவியலின் நடுவே வெப்பம் 50 பாகைக்கு மேல் ஏறுமாதலால் அங்கே புழு பிழைப்பதில்லை. ஓரங்களில் பிழைக்கும், ஆதலின் குவியலை இடையிடையே புரட்டிவிட வேண்டும். புரட்டாத உரக்குழி ஈப்பண்ணையாகிவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். மேற்கண்ட நாட்கணக்கை மாணவர்க்குப் பாடமாக ஒப்பிப்பதினும் காட்டுவதே நன்று. ஒரு கண்ணாடிச் சாடியில் இரண்டு விரற்கடை உலர்ந்த மணலும், அதன்மேல் பழத்தோலும் இட்டு, ஒரு நாள் வெளியில் திறந்து வைத்துப் பின்னர் மெல்லிய துணியால் வாயை இறுகக் கட்டிவிடுக. புழு தோலைத் தின்பதும், பின்பு மணலுக்குள் இறங்குவதும் கண்ணாடி வழியே தெரியும். நாள்தோறும் மாணவர் குறித்து வரட்டும். கூட்டுப்புழு பழுப்பு நிறம் கொண்ட மறுநாளே, துணியை அவிழ்க்காமல், அதன்மேல் ஆசிரியரே கொதிநீர் ஊற்றிவிடுதல் வேண்டும்.