எண்ணிக்கையுடன் வேளையையும் குறிப்போம்

இனக்கவர்ச்சிப் பொறியில் இரவில் விழுந்த ஆண் அந்துப்பூச்சிகளைக் காலையில் எண்ணிப் பதிவேட்டில் குறிப்பது களப் பணியாளர்க்குப் பழகிய கடமையாகும். அவை எந்தச் சாமத்தில் விழுந்தன என்பதோ பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. இக்குறை நீங்க வேண்டும் என்பது எமது கருத்து.

பெண் அந்து வாசனையால் ஆணை அழைக்கிறது. 1959-இல் ஜெர்மானிய ரசாயன அறிஞர் பூட்டெனாண்ட், சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து அத்தகைய வாசனைப் பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். எனினும் இவ்வழைப்பு எந்நேரமும் நிகழ்வதன்று. ஒவ்வோர் இனத்திற்கும் உரிய வேளை உண்டு. ஆணின் நாட்டமும் அவ்வேளையிலேயே மிகும்.

இவ்வேளையை வகுப்பது உடலினுள் இயங்கும் கடிகாரம். 1971-இல் கொனொப்காவும் பென்சரும் பழ ஈயில் ‘பீரியட்’ என்னும் ஜீனைக் கண்டனர். அது உண்டாக்கும் புரதம் பெருகியதும் அந்த ஜீனையே அடக்குகிறது. புரதம் சிதைந்தபின் ஜீன் மீண்டும் செயற்படுகிறது. இச்சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும். பகலொளி இதனை நாள்தோறும் சரிசெய்கிறது. அந்துக்களிடத்தும் இத்தகைய கடிகார ஜீன்கள் உள்ளன.

2018-இல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட மக்காச்சோளப் படைப்புழுவை நோக்குவோம். அதன் தாயகமான அமெரிக்கக் கண்டத்தில் அதற்கு இரு கிளைகள் உண்டு. தோற்றத்தில் ஒன்றேயாயினும், மக்காச்சோளக் கிளை முன்னிரவிலும் நெற்கிளை பின்னிரவிலும் இணை சேர்கின்றன. இவ்வேறுபாட்டிற்கு ‘விரில்’ என்னும் கடிகார ஜீன் காரணமாகலாம் என 2017-இல் வெளியான ஆராய்ச்சியொன்று சுட்டியது. காலையில் மட்டும் எண்ணுவோர்க்கு இத்தகைய வேற்றுமை புலப்படாது.

இரவில் வயலுக்குச் செல்வது எளிதன்று என்பர். உண்மையே. ஆயினும் வாரம் ஓரிரவேனும் நள்ளிரவில் ஒருமுறையும் விடியலில் ஒருமுறையும் எண்ணுதல் இயலாததன்று. வெப்பமும் காற்றும் வேளையை மாற்றக்கூடும். ஆதலின் வேளையை மட்டும் கொண்டு கிளையை முடிவு செய்தல் தகாது. அவற்றையும் உடன் குறித்தல் வேண்டும்.

பொறியின் அருகே விளக்கு இருப்பின் அதனையும் குறிக்க. இரவு விளக்கொளியில் வளர்ந்த ஓரினப் பெண் அந்துக்கள் குறைந்த வாசனையே உண்டாக்கின என்று 2015-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். ஆதலின் விளக்கருகே பொறியில் சில பூச்சிகளே விழுந்தமை கொண்டு வயலில் தொல்லை இல்லையெனத் துணிதல் கூடாது. அத்துணிவால் நேரும் நஷ்டம் விவசாயியையே சாரும்.

ஆசிரியர்களும் இதற்குத் துணை செய்யலாம். பட்டுக்கூடுகள் சிலவற்றை வகுப்பில் வைத்து, அந்து வெளிவரும் நேரத்தையும், பெண்ணை உணர்ந்து ஆண் சிறகடிக்கும் நேரத்தையும் மாணவர் எழுதி வரட்டும். உயிர்கள் வேளையறிந்து வாழ்வதைக் கண்ணாரக் கண்ட சிறுவன், நாளை களப் பணிக்கு வரும்போது பதிவேட்டில் நேரத்திற்கென ஒரு பத்தி ஒதுக்க மறவான்.