மதிப்பீட்டின் செலவு யாருடையது? சுற்றாடல் ஆய்வும் அரசின் பொறுப்பும்

அபிவிருத்தித் திட்டமொன்று ஆரம்பிக்கப்படுவதற்கு முன்னர், அதனால் நிலத்துக்கும் நீருக்கும் மக்களுக்கும் ஏற்படக்கூடிய பாதிப்புகளை ஆராய்ந்தறிய வேண்டும் என்ற நியதி இலங்கைச் சட்டத்தில் இடம்பெற்று மூன்றரை தசாப்தங்களுக்கு மேலாகிவிட்டது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் 1988ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது சுற்றாடல் தாக்க மதிப்பீடு சட்டரீதியான கடப்பாடாக்கப்பட்டது. எத்தகைய திட்டங்கள் இதற்கு உட்பட வேண்டும் என்பது 1993ஆம் ஆண்டில் வர்த்தமானி மூலம் அறிவிக்கப்பட்டது. மதிப்பீட்டு அறிக்கையைப் பார்வையிட்டுக் கருத்துத் தெரிவிப்பதற்குப் பொதுமக்களுக்கு 30 நாள் அவகாசமும் வழங்கப்பட்டிருக்கிறது.

எனவே சட்டம் இல்லை என்று எவரும் குறைகூற முடியாது. கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறொன்று. இந்த ஆய்வைச் செய்பவர் யார், அவருக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதே அது.

நடைமுறையில், திட்டத்தை முன்னெடுக்க விரும்பும் தரப்பே ஆலோசகர்களை அமர்த்தி, அவர்களுக்கான கட்டணத்தையும் செலுத்தி அறிக்கையைத் தயாரிக்கிறது. திட்டத்தை அங்கீகரிக்கும் முகவரகம், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் வழிகாட்டலில், அந்த அறிக்கையைப் பரிசீலிக்கிறது. ஆலோசகர்களின் நேர்மையைச் சந்தேகிப்பது இங்கு நோக்கமன்று. அவர்களுள் பலர் துறைசார் புலமை மிக்க பல்கலைக்கழக ஆசிரியர்கள். ஆனால், எவ்வளவு நேர்மையான ஆய்வாளராயினும், ஒரு சில மாதங்களுக்குள் அறிக்கையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையின் கீழ் பணியாற்றும்போது ஓர் ஆற்றின் இயல்பையோ, பறவைகளின் வலசைப் பாதையையோ, நிலத்தடி நீரின் ஓட்டத்தையோ முழுமையாக அறிந்துவிட முடியாது. இவற்றை அறிவதற்குப் பல பருவமழைகளையும் பல வரட்சிகளையும் தொடர்ந்து அவதானிக்க வேண்டும். அத்தகைய நீண்டகால ஆய்வுக்குத் தனியார் முதலீட்டாளர் எவரும் செலவிடப் போவதில்லை. அது அரசின் கடமை. அக்கடமை நிறைவேற்றப்படாமல் இருப்பதே இன்றைய பிரச்சினையின் மூலம் எனலாம்.

இதன் விளைவை வடபகுதி மக்கள் நன்கறிவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் படைகளில் தேங்கும் மழைநீரே குடிநீருக்கும் விவசாயத்துக்கும் ஆதாரம். இத்தகைய பாறையில் ஓரிடத்தில் கலக்கும் மாசு வெடிப்புகள், துவாரங்கள் ஊடாக விரைவாகப் பரவக்கூடியது. சுன்னாகத்திலுள்ள அனல்மின் நிலையத்தைச் சூழ்ந்த பகுதிகளின் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்திருப்பதாகச் சர்ச்சை எழுந்தபோது, மக்கள் தமது சொந்தக் கிணற்றை விட்டு பவுசர்களில் வந்த நீருக்காகக் காத்திருக்க நேர்ந்தது. ஆய்வுக்குழுக்கள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளை முன்வைத்தன. கிணற்று நீரைக் குடிக்கலாமா கூடாதா என்ற எளிய கேள்விக்குக் கூட மக்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது. தீர்ப்பு வரவேற்கத்தக்கதே. எனினும், மின் நிலையம் அமைக்கப்படுவதற்கு முன்னரே அப்பகுதிக் கிணறுகளின் நீரைப் பல வருடங்கள் தொடர்ந்து சோதித்த பதிவுகள் பொதுமக்கள் கைகளில் இருந்திருப்பின், இத்தனை வருடக் குழப்பமும் வழக்கும் தேவைப்பட்டிருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

மலையகத்தின் அனுபவமும் இதற்கு மாறானதன்று. மகாவலியின் கிளைகளில் ஒன்றான உமா ஓயாவின் நீரைத் தென்கிழக்கின் வரண்ட பிரதேசங்களுக்குத் திருப்பி, 120 மெகாவாட் மின்சாரத்தையும் பெறும் நோக்குடன் ஆரம்பிக்கப்பட்ட பாரிய திட்டத்தில், 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் பெருமளவு நீர் புகுந்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. மக்கள் வீதிக்கு இறங்கினர். மலையின் உட்புறத்தில் பாறைப் பிளவுகளினூடாக நீர் எவ்வாறு ஓடுகிறது என்பது தோண்டிய பின்னரே நாட்டுக்குத் தெரியவந்தது. திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. ஆனால், இழந்த ஊற்றுகளைத் திறப்பு விழாக்களால் மீட்டுத்தர முடியாது.

மன்னாரில் காற்றாலைகள் தொடர்பாக எழுந்த சர்ச்சையையும் இந்தக் கண்ணோட்டத்திலேயே நோக்க வேண்டியுள்ளது. இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் தனது திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. எனினும், ஏனைய காற்றாலைத் திட்டங்களுக்கு எதிராக அதே ஆண்டில் மன்னார் மக்கள் தொடர் போராட்டங்களை நடத்தினர். மழைவெள்ளம் வடிந்தோடும் வழிகள் தடைப்படுகின்றன என்பது மக்களின் முறைப்பாடு. வலசைப் பறவைகள் ஆபத்துக்குள்ளாகும் என்பது சூழலியலாளரின் வாதம். தூய மின்சாரம் நாட்டுக்கு அவசியம் என்பது அரசின் நிலைப்பாடு. மூன்றிலும் நியாயம் உண்டு. இவற்றுள் எதற்கு எவ்வளவு கனம் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்க நம்பகமான தரவுகள் வேண்டும். 2020 டிசம்பர் முதல் மன்னார்த் தீவில் இயங்கிவரும் 'தம்பபவனி' காற்றாலைப் பூங்காவின் 30 கோபுரங்களும் இதற்கான ஆய்வுகூடம் போன்றவை. அங்கு நேர்பவற்றைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரச நிதியில் சுயாதீனமாக அளந்து, முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைப்பார்களாயின், அடுத்த திட்டம் பற்றிய விவாதம் ஊகங்களின் மீதன்றி உண்மைகளின் மீது நடைபெறும்.

ஏனைய நாடுகள் இவ்விடயத்தில் கைக்கொள்ளும் வழிகள் கவனிக்கத்தக்கவை. நெதர்லாந்தில் 1980களிலிருந்து இயங்கும் சுயாதீன ஆணைக்குழு ஒன்று, திட்டத்தரப்பையும் அரசையும் சாராத நிபுணர்களைக் கொண்டு மதிப்பீட்டு அறிக்கைகளைப் பரிசீலித்துத் தனது கருத்தைப் பகிரங்கமாக வெளியிடுகிறது. கனடாவில், மதிப்பீட்டு நடைமுறையில் பங்குகொள்ளும் பொதுமக்களுக்கும் பூர்வகுடியினருக்கும் சமஷ்டி அரசே நிதியுதவி வழங்குகிறது. மதிப்பீட்டு முறைகளை மேம்படுத்தும் ஆய்வுகளுக்கும் அங்கு அரச மானியம் உண்டு. அந்நாடுகளின் வசதி எமக்கில்லை என்பது உண்மையே. ஆயினும், மதிப்பிடும் அறிவைத் திட்டத்தரப்பின் பணப்பையில் மட்டும் தங்கியிருக்க விடக்கூடாது என்ற கோட்பாட்டைப் பின்பற்றச் செல்வந்த நாடாக இருக்க வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டில் கடனைச் செலுத்த முடியாத நிலைக்கு வந்த நாட்டில் ஆய்வுக்குப் பணம் எங்கே என்ற கேள்வி எழுவது இயல்பு. திறைசேரியில் புதிய சுமையை ஏற்றாமலே இதற்கு வழி காணலாம். பாரிய திட்டங்களின் மொத்தச் செலவில் ஒரு சிறு வீதத்தை அறவிட்டு, அமைச்சினதோ முதலீட்டாளரினதோ பிடிக்குள் அகப்படாத நிதியம் ஒன்றில் சேர்க்கலாம். ஆய்வாளர்களைத் தெரிவுசெய்வதும் கொடுப்பனவு செய்வதும் அந்த நிதியத்தின் பொறுப்பாகட்டும். முதலாவதாக, நீர், மண், உயிரினங்கள் பற்றிய நீண்டகாலத் தரவுகளைத் திரட்ட அந்நிதி பயன்பட வேண்டும். இரண்டாவதாக, திட்டம் நிறைவடைந்து ஐந்து, பத்து ஆண்டுகளின் பின்னர், அறிக்கையில் எதிர்வுகூறப்பட்டவை உண்மையில் நிகழ்ந்தனவா என்று மீளாய்வு செய்யப்பட வேண்டும். முன்னைய அறிக்கை எங்கே பிழைத்தது என்று தேடாத நாட்டில் அடுத்த அறிக்கை திருந்தப் போவதில்லை. யாழ்ப்பாணம், கிழக்கு, ஊவா வெல்லஸ்ஸ முதலான பிராந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இப்பணியில் உரிய பங்கு வழங்கப்படுவதும் அவசியம்.

இந்தச் செலவு வீண் செலவன்று. 2021ஆம் ஆண்டில் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் விவகாரத்தில், 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அழிவுக்கு முன்னர் கடல் எவ்வாறிருந்தது என்று காட்டக்கூடிய நாடே அழிவின் பெறுமதியை உலகின் முன் உறுதிபட நிறுவ முடியும். அந்த அறிவை விபத்து நேர்ந்த மறுநாள் தேடிப் பெற இயலாது.

சுன்னாகத்துக் கிணறும் பண்டாரவளை ஊற்றும் உணர்த்தும் பாடம் ஒன்றே. முன்கூட்டி ஆராய்வதற்கு அரசு செலவிட மறுக்கும் பணத்தை, பின்னர் தமது குடிநீராலும் குடியிருப்பாலும் செலுத்துபவர்கள் சாதாரண மக்களே. அடுத்த பாரிய திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்படுவதற்கு முன்னராவது ஆட்சியாளர்கள் இதனை உணர்ந்து செயற்படுவார்களா?