வரிசையில் நிற்பதுதான் ஒழுக்கமா?

“கத்தோலிக்கப் பாடசாலையா? அங்கே ஒழுக்கத்துக்குக் குறைவில்லை” என்பது வன்னிப் பெற்றோர் பலரின் நம்பிக்கை. ஒழுக்கம் என அவர்கள் எதனைக் கருதுகின்றனர்? காலைப் பிரார்த்தனையில் அசையாது நிற்றல். வெள்ளைச் சீருடை கறைபடாதிருத்தல். ஆசிரியர் நுழைந்ததும் வகுப்பு அடங்குதல். இவை வேண்டாதவை என யாம் கூறவில்லை. இவற்றையே நற்பண்பென மயங்குவதைத்தான் கண்டிக்கின்றோம்.

பழைமை பாராட்டுவோர் இதற்கொரு வரலாறும் சொல்வர். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசின் கைக்கு மாறின, திருச்சபையின் முகாமை நீங்கியது, “றோ.க.த.க.” என்னும் எழுத்துக்கள் பெயர்ப்பலகையில் எஞ்ச, ஒழுக்கம் அகன்றது என்பது அவர்தம் வாதம். மிஷன் ஆசிரியர்களின் உழைப்பை மறுப்பார் யாருமிலர். ஆயினும் அது பொற்காலமா? 1930ஆம் ஆண்டளவில், உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்குமாறு அரசு வற்புறுத்தியபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பை இவர்கள் அறியாரா? அதுவரை தரையில் இருத்தப்பட்ட பிள்ளைகளும் அமைதியாகத்தான் இருந்தனர். வகுப்பின் வரிசை குலையவில்லை. ஆனால் அங்கே சமூகம் என ஒன்று இருந்ததா?

வன்னியில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் குடியேறிய யாழ்ப்பாணத்தார், 1977இலும் 1983இலும் வன்செயல்களால் துரத்தப்பட்டு வந்த மலையகத்தார், முல்லைத்தீவுக் கரையோர மீனவர், வன்னியின் பழங்குடிகள் ஆகிய அனைவரின் வழித்தோன்றல்களும் ஒரே வாங்கிற்கு வருகின்றனர். 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் ஒரே தண்ணீர்க் குழாயடியில் இவர்களின் பெற்றோர் காத்துநின்றனர். (அம்முகாமில் அரிவரி கற்றோர் சிலர் இன்று எம்மோடு விரிவுரை மண்டபத்தில் அமர்ந்துள்ளனர்.) இத்தகையோரின் பிள்ளைகளைச் சேர்த்து வளர்ப்பதன்றோ ஆரம்பப் பாடசாலையின் முதற்பணி?

நடப்பதோ வேறு. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க, வெட்டுப்புள்ளியை எட்டக்கூடியோர் முன்வாங்கிலும் ஏனையோர் பின்வாங்கிலும் அமர்த்தப்படுகின்றனர். சித்தியெய்தியோரின் படம் வாயிலிற் பதாகையாகத் தொங்குகின்றது. பத்து வயதுப் பிள்ளைக்கு ‘நீ வேண்டாதவன்’ என்று வாயிலிலேயே சொல்லிவிட்டு, உள்ளே அயலவனை நேசிக்கக் கற்பிப்பது எத்தகைய சமய பாடம்?

பிரம்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. உடற்றண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் 2005இலும் 2016இலும் வெளிவந்தன. அவற்றுக்குப் பின்னரும் “அடியாத மாடு படியாது” என்போர், பிள்ளையை மாடென்று கொண்டே வாதிடுகின்றனர்.

இதற்குப் புதிய பாடநூல் எதுவும் தேவையில்லை. வாரந்தோறும் இருக்கைகளை மாற்றுக. முற்றம் கூட்டுதலும் தண்ணீர் அள்ளுதலும் முறைவைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் செல்லட்டும். பதாகையைக் கழற்றி, அவ்விடத்தில் அந்த முறைப் பட்டியலைத் தொங்கவிடுக; அதில் அதிபரின் பிள்ளையினது பெயரும் இருக்கட்டும்.