பச்சிளம் குழந்தையின் கண்ணில் சீழ்: எங்கள் நிலைப்பாடு

பிறந்து 28 நாட்களுக்குள் குழந்தையின் இமை வீங்கினாலோ, கண்ணில் சீழ் வடிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களிடையே தாய்சேய் நலப் பணி செய்யும் எங்கள் அமைப்பின் உறுதியான நிலைப்பாடு இது. உடம்புச் சூடு என்று சொல்லிக் கண்ணில் தாய்ப்பால் விடுவதையும், மை தீட்டுவதையும் நாங்கள் ஏற்கவில்லை.

காரணம், இதில் நேரம்தான் எல்லாம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கொனோரியா என்ற பாலியல் தொற்று, பெரும்பாலும் 2 முதல் 5 நாளுக்குள் தெரியவரும். இமை திறக்க முடியாதபடி வீங்கும். துடைக்கத் துடைக்க மஞ்சள் சீழ் நிறையும். சிகிச்சை தாமதித்தால் ஓரிரு நாளிலேயே கருவிழி புண்ணாகி ஓட்டை விழலாம். கிளமிடியா என்ற இன்னொரு பாலியல் தொற்று 5 முதல் 14 நாளுக்குள் வரும். பின்னால் நிமோனியாவாகவும் மாறக்கூடும். சுகப்பிரசவமானால் இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆக, நோய் தலைகாட்டும்போது குழந்தை மருத்துவமனையில் இருப்பதில்லை.

ஆஷா எனும் சமூக சுகாதாரப் பணியாளர் 3, 7, 14 ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது அரசு ஏற்பாடு. நம் பெண்களோ பலர் பிரசவமானதும் ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் என்று தாய்வீடு போய்விடுகிறார்கள். இங்குள்ள ஆஷாவுக்கு அந்தக் குழந்தை கண்ணில் படாது. அங்குள்ள கிராம சுகாதார செவிலியருக்குத் தகவலே போகாது. இந்த இடைவெளியை இரு மாநில அரசுகளும் சேர்ந்து அடைக்க வேண்டும். மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் சீட்டில் கண் எச்சரிக்கையைக் கன்னடத்திலும் தமிழிலும் அச்சிட வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு எச்ஐவி, சிபிலிஸ் சோதனை வழக்கமாக நடக்கிறது. கொனோரியா, கிளமிடியாவுக்கு அப்படி நடப்பதில்லை. அறிகுறியே இல்லாமல் தொற்று இருக்கும் பெண்கள் ஏராளம். எனவே இந்தச் சோதனைகளும் வேண்டும். 1880களில் ஜெர்மனியின் லைப்சிக்கில் மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரெடே பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டே இந்தக் கண்நோயை வெகுவாகக் குறைத்தார். இன்று பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்புக் கண் மருந்து இட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கர்நாடகத்தின் எல்லாப் பிரசவ அறைகளிலும் இது நடைமுறையாக வேண்டும்.

பனிக்குடம் உடைந்து நெடுநேரமான பிரசவம், குறைப்பிரசவம், கழுவாத கை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். ஆகவே தாயைக் குற்றவாளியாக்கும் பேச்சை அடியோடு நிறுத்துங்கள். பாலியல் தொற்று உறுதியானால் கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டும்.

வெறும் கண்ணீர் மட்டும் வடிந்தால் கண்ணீர்க்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதையும் டாக்டரே பார்த்துச் சொல்லட்டும். காலையில் சீழைக் கண்டால் மாலைவரை காத்திருக்காதீர்கள்.